முடுக்கியின் நாட்குறிப்பு



சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களும் ஆண்டுக் குறிப்புகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் கருவிகளுக்கும் சரித்திரம் உண்டு. மனிதன் எதை எழுதிவைத்தான், எதற்காக எழுதிவைத்தான், எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தவர் யார் என்பனவும் சரித்திரத்தின் பகுதிகளே. அத்தகைய ஒரு சரித்திரத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது ஸ்விட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜினீவா நகரத்தை அடுத்துள்ள செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்தது.

துகள் முடுக்கி என்பது யாது? அணுவினுள் உறையும் புரோட்டான், எலெக்ட்ரான் முதலிய நுண்துகள்களை மின்விசையால் உந்தி, காந்தவிசையால் வளைத்து, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஓடச் செய்யும் இயந்திரமே துகள் முடுக்கி ஆகும். அவ்வாறு ஓடும் துகள்களை மோதவிட்டு, அம்மோதலில் தோன்றுவனவற்றைக் கொண்டு பருப்பொருளின் அமைப்பை விஞ்ஞானிகள் ஆராய்கின்றனர்.

இத்தகைய நிலையத்தில் இருவகைத் தரவுகள் திரளுகின்றன. துகள்களின் மோதல் நமக்கு அறிவிக்கும் செய்திகள் ஒருவகை. இயந்திரம் தன்னைப் பற்றித் தானே அறிவிக்கும் செய்திகள் மற்றொரு வகை. காந்தங்களில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு, அவற்றின் வெப்பநிலை என்ன, குழாயினுள் வெற்றிடம் குறையாமல் உள்ளதா, துகள் கற்றை தன் பாதையினின்றும் விலகுகின்றதா என்பன போன்ற செய்திகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதல் வகையைப் பற்றி உலகப் பத்திரிகைகள் நிறைய எழுதின. இரண்டாம் வகையை எண்ணிப் பார்த்தவர் சிலரே. இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

தொடக்கத்தில் இது ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் எர்னஸ்ட் லாரன்ஸும் அவருடைய மாணவர் லிவிங்ஸ்டனும் இயக்கிக் காட்டிய முதல் சைக்ளோட்ரான் உள்ளங்கையில் அடங்கத் தக்கது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். அக்கருவியின் அளவுகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

1959 நவம்பர் 24ஆம் நாள் மாலை, செர்ன் நிலையத்தில் 628 மீட்டர் சுற்றளவுள்ள புரோட்டான் சின்க்ரோட்ரான் 2,400 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டிற்று. அதற்கு முன் சோவியத் நாட்டின் டூப்னா நகரில் இருந்த முடுக்கி எட்டியிருந்த ஆற்றல் 1,000 கோடி. தங்கள் அளவை மிஞ்சும் நாளில் பருகுங்கள் என்று டூப்னா விஞ்ஞானிகள் ஒரு வோட்கா புட்டியைப் பரிசாக அளித்திருந்தனர். மறுநாள், முடுக்கியை அமைத்த ஜான் ஆடம்ஸ் காலிப் புட்டியைக் கூட்டத்தார்முன் எடுத்துக் காட்டினார். அதனுள்ளே புதிய ஆற்றலை எட்டிய துகள் துடிப்பின் புகைப்படம் ஒன்று இருந்தது. அப்புட்டியை டூப்னாவுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. வேடிக்கைக்காகச் செய்த செயலாயினும், அதில் விஞ்ஞானத்தின் இலக்கணம் ஒன்று அடங்கியுள்ளதை நீங்கள் கவனிக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, பதிவு வேண்டும்.

காலம் செல்லச் செல்ல இயந்திரங்கள் பெருத்தன. 1976ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய சின்க்ரோட்ரான் இயங்கத் தொடங்கிற்று. 7 கிலோமீட்டர் நெடுகிலும் பரவிக் கிடக்கும் கருவிகளை ஓர் அறையில் அமர்ந்து எவ்வாறு கவனிப்பது? ஒவ்வொரு கருவியிலிருந்தும் தனித்தனிக் கம்பியை இழுத்துவந்தால் கம்பிக் காடாகிவிடும். எனவே வட்டத்தைச் சுற்றிலும் சிறு கணிப்பொறிகளை நிறுவி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்தனர். கட்டுப்பாட்டு அறையில் விரலால் தொட்டு இயக்கும் திரைகளை அமைத்தனர். இன்று நம் சட்டைப்பையில் உள்ள தொடுதிரைக்கு முன்னோடியான ஒன்று அங்கே பணியாற்றிற்று என்பது உங்களுக்கு வியப்பளிக்கும்.

அடுத்து வந்தது எலெக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவிட்ட லெப் என்னும் முடுக்கி. 1989 முதல் 2000 வரை அது இயங்கியது. நிலத்தின் அடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அது அமைந்திருந்தது. கற்றையின் ஆற்றலை மிக நுட்பமாக அளந்தபோது ஒரு புதுமை தென்பட்டது. இயந்திரத்தில் எவரும் எதையும் மாற்றாதபோதே ஆற்றல் மெல்ல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. காரணம் என்ன? வானத்து நிலவே காரணம்! நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் பொங்குவதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அதே ஈர்ப்பு தரையையும் சிறிது உயர்த்துகின்றது. அதனால் 27 கிலோமீட்டர் வட்டத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறுபட்டது. 1992 நவம்பரில், முழுநிலா நாளையொட்டி மணிக்கணக்காக அளந்து இதனை உறுதிசெய்தனர்.

நிலவோடு கதை முடியவில்லை. ஜினீவா ஏரியின் நீர்மட்டம் மாறினாலும் வட்டம் நெகிழ்ந்தது. 1995ஆம் ஆண்டில் வேறொரு கலக்கம் பதிவுகளில் புலப்பட்டது. அது பகலில் மிகுந்தது. நள்ளிரவுக்குப் பின் சில மணிநேரம் அடங்கியது. விடியுமுன் மீண்டும் தலைகாட்டியது. ஆராய்ந்தபோது, அது ஜினீவா நிலையத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில்களின் வேலை என்று தெரிந்தது. தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசிந்த மின்னோட்டம் முடுக்கியின் உலோகக் குழாயையே வழியாகக் கொண்டு ஓடி, காந்தங்களைச் சிறிது பாதித்தது. முடுக்கியை வடிவமைத்தவர் எவரும் ரயில்வே கால அட்டவணையை உடன் வைத்துக்கொள்ள எண்ணியிருக்க மாட்டார். நாளை என்ன கேள்வி எழும் என்பதை இன்று அறிய இயலாது; ஆகவே இன்று பயனற்றதாகத் தோன்றும் அளவையும் எழுதிவைக்க வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சிகள் கற்பித்தன.

அதே சுரங்கத்தில் பின்னர் அமைந்ததுதான் பெரும் ஹாட்ரான் மோதுவி. புரோட்டான் கற்றைகள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில், ஒரு விநாடியில் 11,245 முறை இந்த வட்டத்தைச் சுற்றிவருகின்றன. அவற்றை வளைப்பதற்கு, ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமுள்ள 1,232 காந்தங்கள் இருக்கின்றன. திரவ ஹீலியத்தால் அவை மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்விக்கப்படுகின்றன. அந்தக் குளிரில் காந்தக் கம்பி மின்தடையை முற்றிலும் இழந்து, மீக்கடத்தியாகிறது. ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் வெப்பமின்றி அதில் பாய்கிறது. இக்காந்தங்களைத் துல்லியமாக நிலைநிறுத்தும் ஏறத்தாழ 7,000 தாங்கிகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்பதை நீங்கள் பெருமையுடன் அறிந்துகொள்ளலாம்.

இவ்வியந்திரத்திற்கென 2003ஆம் ஆண்டிலேயே ஒரு பெரும் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. ஆரக்கிள் என்னும் தரவுத்தளத்தில் அது அமைந்திருந்தது. ஒவ்வொரு அளவும் எந்தக் கருவியினது, எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்புடன் பதிவாயிற்று. நேரக்குறிப்பு இன்றியமையாதது. கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பது தெரியாது. எது காரணம், எது விளைவு என்பதும் தெரியாது. வந்த அளவுகள் யாவும் முதலில் ஒரு தற்காலிக ஏட்டில் ஏழு நாள் வரை இருக்கும். அவற்றிலிருந்து சலித்தெடுத்தவை நிலையான ஏட்டுக்குச் செல்லும். ஓராண்டில் ஒரு டெராபைட் அளவு சேரும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டனர். ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி எழுத்துகள். ஐந்து லட்சம் எழுத்துகள் கொண்டது ஒரு புத்தகம் என்றால், அது இருபது லட்சம் புத்தகங்களுக்குச் சமம்.

2008 செப்டம்பர் 10ஆம் நாள் இவ்வியந்திரத்தில் முதல் கற்றை சுற்றிவந்தது. உலகமே கொண்டாடியது. ஒன்பதே நாளில் விபத்து நேர்ந்தது. செப்டம்பர் 19ஆம் நாள், வட்டத்தின் எட்டுப் பகுதிகளுள் ஒன்றில், கற்றை ஏதும் இல்லாத நிலையில், மின்னோட்டத்தை மட்டும் 9,300 ஆம்பியர் வரை உயர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தனர். 8,700 ஆம்பியரை எட்டியபோது, இரு காந்தங்களுக்கு இடையே இருந்த ஒரு மின் இணைப்பு மீக்கடத்தும் தன்மையை இழந்தது. மின்பொறி பாய்ந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது. திரவ ஹீலியம் வாயுவாகப் பொங்கிற்று. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வீணாயிற்று. அதன் அழுத்தத்தால் டன் கணக்கான எடையுள்ள காந்தங்கள் இடம்பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2009 நவம்பர் 20 வரை கற்றை மீண்டும் சுற்றவில்லை. சுரங்கத்தில் அப்போது ஆள் எவரும் இல்லாததால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை.

மாணவர்களே, இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி இனிமேல்தான் வருகிறது. விபத்தை விசாரித்த குழுவினர் பழைய பதிவுகளைப் புரட்டினர். நான்கு நாட்களுக்கு முன், செப்டம்பர் 15ஆம் நாள், அதே பகுதியில் 7,000 ஆம்பியர் செலுத்திச் சோதித்திருந்தனர். அந்நேரத்து வெப்பநிலைக் குறிப்புகளில், பின்னர் விபத்து நேர்ந்த அதே இடத்தில், வெப்பநிலை ஒரு டிகிரியில் நூற்றில் நான்கு பங்கு அளவுக்குச் சீராக உயர்ந்திருந்தது. அந்த வெப்பத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 வாட் வருகிறது. ஒரு சிறு மின்விளக்கின் அளவு! அதிலிருந்து, அந்த இணைப்பின் மின்தடை 220 நானோ ஓம் என்று கண்டனர். நல்ல இணைப்பில் இருக்க வேண்டியதைவிட அது பல நூறு மடங்கு மிகுதி. எச்சரிக்கை நான்கு நாட்களாகப் பதிவேட்டில் எழுதிக் கிடந்தது. அதைப் படித்தவர் இல்லை.

இதற்காக அங்கிருந்தவர்களை நாம் பழிப்பது நியாயம் ஆகாது. ஆயிரக்கணக்கான வெப்பமானிகளுள் சிலவற்றில், டிகிரியின் மிகச் சிறு பின்னமே மாறியது. அங்கே பார்க்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. அபாய மணி அடிக்கும் ஏற்பாடும் அம்மாற்றத்திற்கு இல்லை. எழுதுவதற்கு ஆயிரம் கைகள் இருந்தன. படிப்பதற்குப் போதிய கண்கள் இல்லை.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. எட்டாம் வகுப்பில் நன்றாகப் படித்த சிறுவன் ஒருவன் திடீரென்று பள்ளியை விட்டு நின்றுவிட்டான். பின்னர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஐந்து மாதங்களாக வெள்ளிக்கிழமைதோறும் அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை நாள். தந்தையை இழந்த அவன் சந்தையில் மூட்டை சுமந்து தாய்க்கு உதவியிருக்கிறான். வகுப்பாசிரியர் நாள்தோறும் தவறாமல் குறித்திருந்தார். மாதந்தோறும் கூட்டுத்தொகை சரிதானா என்று பார்த்து நான் கையெழுத்திட்டிருந்தேன். முதல் மாதத்திலேயே அப்பக்கத்தைக் கூட்டுத்தொகைக்காக அல்லாமல் சிறுவனுக்காகப் படித்திருந்தால், உதவித்தொகைக்கு ஏதேனும் வழி தேடியிருக்கலாம். அப்பதிவேட்டில் பிழை ஒன்றும் இல்லை. பிழை என்னுடையது.

செர்ன் நிலையத்தார் தங்கள் பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டனர். இயந்திரத்தின் மற்றப் பகுதிகளின் வெப்பநிலைப் பதிவுகளையும் அளவுகளையும் அதே முறையில் ஆராய்ந்தனர். வேறு இரு காந்தங்களுக்குள்ளும் குறைபாடுள்ள இணைப்புகள் இருப்பதை அறிந்து, அவற்றை முன்கூட்டியே அகற்றினர். இணைப்புகளின் மின்தடையை இடையறாது கண்காணிக்கும் புதிய காப்பு ஏற்பாட்டையும் நிறுவினர். கற்றை நிறுத்தப்படும்போதெல்லாம், அதற்குச் சற்று முன்னும் பின்னும் ஒவ்வொரு கருவியும் கண்டதைத் திரட்டிக் கணிப்பொறியே ஆராயும் முறையும் வலுப்பெற்றது. இவ்வளவு விழிப்புடன் ஓடிய இயந்திரத்திலிருந்தே 2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பு உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

ஆனால் விழிப்பு மிகுந்தால் எழுத்தும் மிகுகிறது. ஓராண்டுக்கு ஒரு டெராபைட் என்று மதிப்பிட்ட பதிவேட்டில், சில ஆண்டுகளில், ஒரு நாளைக்கே 2.5 டெராபைட் வந்து சேர்ந்தது. ஓராண்டுக்கென எதிர்பார்த்தது பத்து மணிநேரத்திற்குள் வந்துவிடுகிறது! 23 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுக் குறிகள் அதில் பதிவாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தினர். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 50 லட்சம் முறை தரவு கேட்கப்பட்டது. பழைய ஏற்பாடு எழுதுவதற்கு ஈடுகொடுத்தது. ஆராய்வதற்கு ஈடுகொடுக்கத் திணறிற்று. பல ஆண்டுகளின் குறிப்புகளை ஒப்பிட்டு நோக்க விரும்பும் ஒருவர், அவற்றையெல்லாம் தரவுத்தளத்திலிருந்து வெளியே எடுத்துத் தம் கணிப்பொறிக்குக் கொண்டுவந்த பின்பே கணக்கிட வேண்டியிருந்தது.

எனவே 2016ஆம் ஆண்டில் புதிய பதிவேட்டுக்கான பணி தொடங்கிற்று. முடுக்கியின் மூன்றாம் ஓட்டத்தின்போது பழையதன் இடத்தைப் பெறுவது அதன் நோக்கம். அந்த ஓட்டம் 2022 ஜூலையில் தொடங்கியது. புதிய பதிவேடு ஹடூப், ஹெச்பேஸ், ஸ்பார்க், காஃப்கா என்னும் மென்பொருள்களால் ஆனது. இவை யாவும் எவரும் எடுத்துப் பயன்படுத்தத் தக்க திறந்த மென்பொருள்கள். வரும் தரவுகளை வரிசையில் நிறுத்தித் தவறாமல் உள்ளே அனுப்புவது காஃப்காவின் வேலை. அண்மைக் காலத் தரவுகளை விரைவில் எடுத்துக் கொடுப்பது ஹெச்பேஸ். நெடுங்காலத் தரவுகளைத் துண்டு துண்டாக்கிப் பல கணிப்பொறிகளில் பகிர்ந்து வைப்பது ஹடூப். அது ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளை வெவ்வேறு பொறிகளில் வைப்பதால், ஒரு பொறி பழுதானாலும் தரவு அழிவதில்லை.

ஸ்பார்க்கின் வேலையை உங்களுக்குத் தெரிந்த ஓர் உவமையால் விளக்குகிறேன். அரசுப் பொதுத்தேர்வு எழுதும் லட்சக்கணக்கான மாணவர்களின் விடைத்தாள்களை ஒரே மண்டபத்தில் குவித்து, ஒரே குழுவினர் திருத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வெளிவர ஆண்டுக்கணக்காகும். ஆகவே பல ஊர்களில் திருத்தும் முகாம்களை அமைக்கிறோம். அந்தந்த முகாமில் உள்ள விடைத்தாள் அங்கேயே திருத்தப்படுகிறது. தலைமை அலுவலகத்துக்கு வந்து சேருவது மதிப்பெண் பட்டியல் மட்டுமே. அதைப் போலவே, தரவைக் கணக்கிடுவோரிடம் இழுத்துவராமல், கணக்கைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புகின்றனர். பல பொறிகள் ஒரே நேரத்தில் தத்தம் பங்கைக் கணக்கிட, விடை மட்டும் திரும்பி வருகிறது. விடைத்தாள்கள் பெருகினால் முகாம்களைப் பெருக்குகிறோம் அன்றோ? அதுபோலத் தரவு பெருகினால் பொறிகளைப் பெருக்கலாம். பதிவேட்டின் அமைப்பை மாற்ற வேண்டுவதில்லை. வளர்ச்சிக்கு ஏற்ப விரியும் ஏற்பாடு என்று இதனைச் சொல்வதன் பொருள் இதுவே.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு அளவையும் கணிப்பொறி கூர்ந்து நோக்கலாம். ஆனால் எந்த மாற்றம் பொருள் உடையது, எது பொருளற்ற சலசலப்பு என்பதை முதலில் கேட்க வேண்டியவன் மனிதன். நிலவையும் ரயிலையும் சந்தேகித்தது இயந்திரம் அன்று, மனித மனமே.

ஒரு பென்சிலில் தொடங்கிய பதிவு இன்று லட்சக்கணக்கான குறிகளாக விரிந்துள்ளது. இடையில் நேர்ந்த ஒரு விபத்து, எழுதுவதும் படிப்பதும் வெவ்வேறு கடமைகள் என்பதை உணர்த்திற்று. மாணவ மாணவியரே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் சோதனைச்சாலை ஏடு ஒன்று வைத்திருக்கிறீர்கள். கண்ட அளவைக் கண்டவாறே எழுதுங்கள். எதிர்பார்த்த விடைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக எந்த அளவையும் அழித்துவிடாதீர்கள். நாளையும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். அத்துடன், வாரம் ஒருமுறையேனும் பழைய பக்கங்களைத் திருப்பிப் படியுங்கள். மதிப்பெண்ணுக்காக எழுதிய ஏட்டில் நீங்கள் கேட்க மறந்த கேள்விக்கு விடை இருக்கக் கூடும்.